டிஃப் லாக்கருக்குக் கம்பெனி சுவிட்ச் மாதிரி ஒயரிங்: யோசனை வேண்டும்

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய மகிந்திரா 4×4 பிக்கப், 2 வீல், 4 வீல் என்று லீவர் போட்டு மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸ். பின் ஆக்சிலின் டிஃபில் (டிஃபரன்ஷியல்), இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் காயில் வகை எலக்ட்ரானிக் லாக்கர் மாட்டியாகிவிட்டது. ஹவுசிங்கிலிருந்து இரண்டு ஒயர் வெளியே வருகிறது. மாட்டிக் கொடுத்த இடத்தில் பேட்டரியிலிருந்து ஒரு டோகிள் சுவிட்ச் வழியாக நேராக லாக்கருக்கு லைன் கொடுத்துவிட்டார்கள். அந்த சுவிட்ச் ஸ்டியரிங் கீழே தொங்குகிறது, முழங்கால் பட்டாலே ஆன் ஆகிறது. சாவியை எடுத்த பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்.

வேலை என்னவென்றால், குறுவை அறுப்பு மழையில் மாட்டும்போது களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போவது. வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் களியில் இறங்கினால் போதும், அது மட்டும் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். அதற்காகத்தான் லாக்கர்.

இப்போது டேஷ்போர்டில் காலியாக இருக்கும் சுவிட்ச் மூடிகளின் இடத்தில், கம்பெனியிலிருந்தே வந்தது போல ஒரு சுவிட்ச் வேண்டும். திருச்சியில் ஒரு காயலான் கடையில் ஒரே மாதிரி இரண்டு சுவிட்ச் கிடைத்தன. ஒன்றின் முகத்தில் ஆக்சில் படமும் பெருக்கல் குறியும் இருக்கிறது. ஆறு பின். எந்தப் பின் எதற்கு, எப்படி ஒயர் போடுவது?

சேத்துல_ஸ்டியரிங் (திருத்துறைப்பூண்டி)

மகிந்திராவில் எம்எல்டி (மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல்) வருமே அண்ணே? சுவிட்சே வேண்டாமே.

வெண்ணாற்றங்கரை

என் வண்டியில் கிடையாது தம்பி, சாதா டிஃப்தான். அதோடு எம்எல்டி தானாகப் பூட்டுவது. இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவே நிமிஷத்துக்கு 100 சுற்று அளவுக்கு வேக வித்தியாசம் வந்த பிறகுதான் பிடிக்கும். நம் களியில் சக்கரம் அவ்வளவு சுற்றுவதற்குள் குழி தோண்டி ஆக்சில் வரை உட்கார்ந்துவிடும். முன்கூட்டியே பூட்டிக்கொண்டு இறங்குவதுதான் எனக்கு வசதி.

டெஸ்ட்லேம்ப் (திருவாரூர்)

ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலைதான் எனக்கு. முதலில் அந்த டோகிளைக் கழற்றி எறியுங்கள். டேஷ்போர்டு சுவிட்ச் எதுவாக இருந்தாலும் லாக்கரின் கரண்ட் அதன் வழியாகப் போகக்கூடாது. பெரும்பாலான கம்பெனி சுவிட்ச் சின்ன சிக்னல் கரண்டுக்காகச் செய்தது. நான்கைந்து ஆம்பியர் ஏற்றினால் கொஞ்ச நாளில் உள்ளே கருகும். ரிலே, அதாவது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைச் சேர்க்கும் சுவிட்ச், கட்டாயம். பேட்டரி பக்கத்திலேயே 10 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற பின், பிறகு 87 வழியாக லாக்கர். லாக்கரின் மற்ற ஒயர் எர்த்.

ஆறு பின்னைக் கண்டுபிடிப்பது சுலபம். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வையுங்கள். அமுக்கும்போது மட்டும் பீப் வரும் ஜோடி ஒன்று, அமுக்காதபோது மட்டும் வரும் ஜோடி ஒன்று இருந்தால், இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் பின்தான் காமன். மீதியில் இரண்டு விளக்கு. ஒன்று இரவில் எழுத்து தெரிவதற்கு, இன்னொன்று வேலை செய்கிறது என்று காட்டுவதற்கு. எழுத்து விளக்குக்கு பார்க் லைட் லைன். அதன் எர்த்தை பாடியில் கொடுத்தால் முழு வெளிச்சத்தில் எரியும், டேஷ் டிம்மர் ஒயரில் கொடுத்தால் மற்ற சுவிட்சுகளோடு சேர்ந்து மங்கும். ஆனால் இன்டிகேட்டர் விளக்கை டிம்மர் பக்கம் போடாதீர்கள், ராத்திரியில் கண்ணுக்கே தெரியாது.

அமுக்கினால் உள்ளேயே நிற்கிறதா, கையை எடுத்ததும் வெளியே வந்துவிடுகிறதா? அதைச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் மீதி.

வெண்ணாற்றங்கரை

இரண்டுமே அமுக்கினால் உள்ளே நிற்கும், மறுபடி அமுக்கினால் வெளியே வரும். நீங்கள் சொன்னது போலவே காமன், அமுக்கும்போது சேர்வது, அமுக்காதபோது சேர்வது என்று மூன்று பின், மற்றவை விளக்குகள்.

குடமுருட்டி_டீசல் (பாபநாசம்)

அப்புறம் என்ன? இக்னிஷன் பியூஸிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து ரிலே காயிலின் ஒரு முனையான 86, மறுமுனை 85 எர்த். வேலை முடிந்தது. சாவியை எடுத்தால் அணையும். இதற்கு மேல் யோசிப்பதெல்லாம் காசைக் கரைக்கிற வேலை.

உப்பளத்தான் (வேதாரண்யம்)

குடமுருட்டி அண்ணன் சொன்னபடி போட்டால் வண்டி ஓடும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளேயே நிற்கும் சுவிட்சில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சாயங்காலம் வயலிலிருந்து வந்து சாவியை எடுத்துவிடுவோம், சுவிட்ச் அமுங்கியபடியே இருக்கும். மறுநாள் காலையில் வேறு யாராவது சாவியைப் போட்டால் அவர்களுக்குத் தெரியாமலே டிஃப் பூட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் திருப்பும்போது உள்பக்கச் சக்கரம் தேய்ந்துகொண்டு வரும், ஸ்டியரிங் நேராகவே தள்ளும், டயரும் ஆக்சில் ஷாஃப்டும் சேர்ந்து அனுபவிக்கும்.

அதைவிட மோசம் கரை. பூட்டாத டிஃப் என்றால் ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது நின்றபடி பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும். சுற்றுகிற சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி கிடையாது. ஆற்றுக் கரையில் சாய்வாகப் போகும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டினாலும் வண்டியின் பின்புறம் அப்படியே தண்ணீர் பக்கம் இறங்கும். நேராக மேலே ஏறவும் பள்ளத்தைத் தாண்டவும் லாக்கர் நல்லது. சாய்வில் குறுக்காகப் போக நல்லதல்ல. எப்போது பூட்டியிருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரியாமல் இருக்கவே கூடாது.

டெஸ்ட்லேம்ப்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கம்பெனி சுவிட்ச் மாதிரி வேண்டும் என்கிறவர்கள் பட்டன் முகத்தைப் பார்க்கிறார்கள், அது நடந்துகொள்ளும் விதத்தைப் பார்ப்பதில்லை. சாவியை எடுத்தால் லாக் விடவேண்டும், திரும்பப் போட்டால் தானாகப் பிடிக்கக்கூடாது. 4 லோவிலிருந்து (நான்கு சக்கரமும் மெதுவான கியரில் ஓடும் நிலை) லீவரை எடுத்தாலும் விடவேண்டும். விளக்கு உண்மையைச் சொல்லவேண்டும். இவ்வளவும் இருந்தால், பட்டன் சைக்கிள் கடையில் வாங்கியதாக இருந்தாலும் அது கம்பெனி மாதிரிதான்.

நம் ஊரில் எல்லாருக்கும் பம்புசெட் ஸ்டார்ட்டர் தெரியும். பச்சையை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தாலும் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாது, திரும்பப் பச்சையை அமுக்கவேண்டும். உள்ளே இருக்கும் கான்டாக்டர் தன் காயிலுக்குத் தானே லைன் கொடுத்துப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதே வேலையை 12 வோல்ட் ரிலேயில் செய்யலாம்.

உங்களிடம் இரண்டு சுவிட்ச் இருப்பது நல்லதாகப் போயிற்று. இந்த மாதிரி சுவிட்சைத் திறந்தால் உள்ளே மெல்லிய கம்பிக் கொக்கி ஒன்று ஒரு பள்ளத்தில் ஓடுவது தெரியும். அதுதான் உள்ளே பிடித்து நிறுத்துவது. இரண்டிலும் அதை எடுத்துவிட்டால் அமுக்கிவிட்டதும் வெளியே வரும் பட்டனாகிவிடும். ஸ்பிரிங் தெறித்துப் போகாமல் துணி விரித்து வைத்துத் திறங்கள். படம் போட்டதை ஆன் பட்டனாகவும், மற்றதை ஆஃப் பட்டனாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப் பட்டனில் 'அமுக்காதபோது சேரும்' ஜோடியை எடுக்கவேண்டும், மறக்காதீர்கள்.

குடமுருட்டி_டீசல்

சரி, ஸ்டார்ட்டர் கணக்கு புரிகிறது. அப்படியென்றால் ஒரே ரிலே போதுமே? 87-லிருந்து லாக்கருக்குப் போகும் லைனில் ஒரு கிளை எடுத்து 86-க்குக் கொடுத்தால் தானே பிடித்துக்கொள்ளும்.

டெஸ்ட்லேம்ப்

அங்கேதான் மாட்டிக்கொள்வோம். 30-க்கு லைன் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. அதை 86-க்குத் திருப்பினால் ரிலே பேட்டரியை வைத்தே தன்னைப் பிடித்துக்கொள்ளும். சாவியை எடுத்தாலும் விடாது. காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். பிடித்து வைக்கும் லைன் இக்னிஷனிலிருந்துதான் வரவேண்டும்.

30-க்கே இக்னிஷன் லைனைக் கொடுத்துவிட்டால் ஒரே ரிலேயில் முடியும், ஆனால் லாக்கரின் முழுக் கரண்டும் ஆஃப் பட்டன் வழியாகப் போகும். முதலில் எதைத் தவிர்க்கச் சொன்னேனோ அதுவே திரும்ப வரும். ஆகையால் இரண்டு ரிலே. வரிசையைக் கவனியுங்கள்:

இக்னிஷன் பியூஸ், அங்கிருந்து டிரான்ஸ்ஃபர் லீவர் 4 லோவில் வந்தால் மட்டும் சேரும் ஒரு மைக்ரோ சுவிட்ச், அங்கிருந்து ஆஃப் பட்டன். அதிலிருந்து வெளியே வரும் லைன் இரண்டாகப் பிரியும். ஒன்று, பிடித்து வைக்க மட்டும் இருக்கும் சின்ன ரிலேயின் 30-க்கு. மற்றது ஆன் பட்டன் வழியாக அதே ரிலேயின் 86-க்கு. சின்ன ரிலேயின் 87-ஐ அதன் 86-லேயே சேர்த்துவிடுங்கள், அதிலிருந்து இன்னொரு ஒயர், லாக்கருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ரிலேயின் 86-க்கு. இரண்டு ரிலேயின் 85-ம் எர்த். சாவி, லீவர், ஆஃப் பட்டன், மூன்றில் எது விட்டாலும் எல்லாம் விழும். திரும்பப் பூட்ட ஆனை அமுக்கியே ஆகவேண்டும்.

உள்ளே டையோடு (ஒரே திசையில் மட்டும் கரண்ட் விடுவது) வைத்த ரிலே வாங்கினால் 86 பிளஸ், 85 எர்த் என்பதை மாற்றிப் போடாதீர்கள், டையோடு வழியாக ஷார்ட் ஆகும். லாக்கர் காயிலுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு போடுங்கள், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். காயிலை அணைக்கும்போது எதிர்த்து வரும் வோல்டேஜ் ரிலே முனையில் பொறி பறக்கவிடும், அதை இது விழுங்கிக்கொள்ளும்.

குடமுருட்டி_டீசல்

பேட்டரி விஷயம் சரிதான். இரண்டு ரிலேயே இருக்கட்டும்.

கோடிக்கரை_கும்மாளம் (தோப்புத்துறை)

நடுவில் புகுகிறேன், மன்னிக்கவும். என்னிடம் இசுசு வி-கிராஸ். லீவர் இல்லை, திருகும் குமிழ்தான். இறால் பண்ணைக்குப் போகிற வழிக்காக நானும் லாக்கர் போடலாம் என்று இருக்கிறேன். மைக்ரோ சுவிட்ச் வைக்க இடமில்லை. 4 லோ சிக்னல் ஒயரைக் கண்டுபிடித்து ரிலேயின் 85-ஐ அதில் கொடுத்தால் ஆகாதா? 4 லோவில் அது எர்த் ஆகும் என்று ஒரு மெக்கானிக் சொன்னார்.

டெஸ்ட்லேம்ப்

கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. அந்த ஒயர் ஒரு கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகிற ஒயர். 4 லோ இல்லாத நேரத்தில், இக்னிஷன் ஆனில், அதற்கும் பாடிக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் என்று பாருங்கள். 5 வோல்ட் பக்கம் வந்தால் தொடவே தொடாதீர்கள். ரிலேயின் ஒரு முனையில் 12 வோல்ட் இருக்கும், அது காயில் வழியாக வந்து அந்த யூனிட்டின் 5 வோல்ட் காலில் ஏறும். நடுவில் டையோடு போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ரிலே கரண்ட் போகவேண்டிய திசையில் டையோடு வைத்தால் இந்த 12 வோல்ட்டும் அதே திசையில்தான் வரும், தடுக்காது.

அதில் கைவைக்காமல் சாவி, ஆன், ஆஃப் மூன்றோடு நிறுத்திக்கொண்டு, லாக் இருக்கும்வரை மெதுவாகக் கத்தும் ஒரு பஸ்ஸர் வையுங்கள். காதைக் குடைவதாலேயே யாரும் அதைப் போட்டபடி ஊருக்குள் வரமாட்டார்கள்.

அரிசிலாறு (கும்பகோணம்)

சித்தப்பாவிடம் ஹைலக்ஸ் இருக்கிறது, இந்தியாவுக்கு 2022-இல் வந்ததே, அது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பதால் சொல்கிறேன். டொயோட்டா முறையில் பூட்டுவது மோட்டார், காயில் அல்ல. ஹவுசிங்கிலேயே நிலை காட்டும் சுவிட்ச் உண்டு. சுவிட்சைப் போட்டதும் மீட்டரில் விளக்கு முதலில் சிமிட்டும். உள்ளே பல் சேர்ந்த பிறகுதான் நிலையாக எரியும். விடும்போதும் அப்படியே. பூட்டியிருக்கும்போது ஏபிஎஸ் வேலை செய்யாது, 8 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று டொயோட்டா கையேடுகளில் இருக்கும்.

டெஸ்ட்லேம்ப் அண்ணன் விளக்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்றார். காயில் வகையில் பெரும்பாலும் நிலை காட்டும் சுவிட்ச் கிடையாது. அப்புறம் விளக்கு எதை வைத்து உண்மை சொல்லும்? ரிலேயிலிருந்து எடுத்தால், பின்னால் ஒயர் அறுந்து கிடந்தாலும் அது பாட்டுக்கு எரியுமே.

ஓம்_விதி (தஞ்சாவூர்)

பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். அரிசிலாறு கேட்ட கேள்வி முக்கியமானது. அதற்கு முன் ஒயர் கனத்தைப் பேசிவிடலாம், இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

காயிலின் இரண்டு முனைக்கும் நடுவே ஓம் அளந்து சொல்லுங்கள். 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர். ரிலேயிலிருந்து பின் ஆக்சில் வரை 5 மீட்டர் ஒயர் ஓடினால், 0.5 சதுர மில்லி ஒயரில் சுமார் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 1.5 சதுர மில்லியில் 0.23 வோல்ட்தான். 0.7 பெரிதா என்று கேட்பீர்கள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். கியர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால் 3 ஓம் காயில் 3.8 ஓம் ஆகிவிடும். 4 ஆம்பியர் 3.1 ஆகக் குறையும். அதன்மேல் மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்தால், காலையில் நன்றாகப் பிடித்த லாக்கர் மத்தியானம் லோடு ஏற்றிய பிறகு நழுவும். காயிலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். என்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் பக்கம் கிடைப்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம், ஆனால் அதை நம்பி ஒயரை மெலிதாக்க வேண்டாம்.

இனி விளக்கு. ரீட் சுவிட்ச் தெரியும்தானே? கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடு, காந்தம் அருகில் வந்தால் சேரும். பெரிய ரிலேயின் 87-லிருந்து லாக்கருக்குப் போகும் ஒயரையே அந்தக் குழாய் மேல் 10 சுற்றுச் சுற்றுங்கள். 4 ஆம்பியர் போனால் 40 ஆம்பியர்-டர்ன் (ஆம்பியரைச் சுற்றால் பெருக்கியது), சூட்டில் குறைந்தாலும் 31. 15, 20 ஆம்பியர்-டர்னில் சேரும் ரீட் வாங்கினால் தாராளம். விளக்கு லைன் இக்னிஷன், 12 வோல்ட்டுக்கான எல்இடி, ரீட், எர்த் என்று போகட்டும். பின்னால் ஒயர் அறுந்தாலோ, எர்த் விட்டாலோ, காயில் எரிந்து திறந்துகொண்டாலோ கரண்ட் இருக்காது, விளக்கும் எரியாது. கண்ணாடி என்பதால் நேரடியாகச் சுற்றாமல் ஒரு பிளாஸ்டிக் பேனாக் குழாய்க்குள் ரீட்டை வைத்து, அதன் மேல் சுற்றினால் உடையாது.

பல் சேர்ந்ததா என்பதை இது சொல்லாது. காயிலில் கரண்ட் ஓடுகிறது என்பதைச் சொல்லும். ரிலேயிலிருந்து எடுத்த விளக்கு அதைக்கூடச் சொல்லாது.

அரிசிலாறு

பேனாக் குழாய் அபாரம் ஐயா.

உப்பளத்தான்

ஒயர் கனம் எல்லாம் சரி, கடைசி அரை அடியில்தான் எல்லாம் கெடும். எங்கள் பக்கம் உப்புக் காற்று. ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒரு மழைக்காலம் தாண்டாது, உள்ளே பச்சை பூத்துவிடும். கஜா புயல் சமயம் தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பிரித்தபோது பார்த்தேன், கனெக்டர் வெளியே பளபள, உள்ளே பின் பாதி இல்லை. ரப்பர் சீல் உள்ள கனெக்டர், கிரிம்ப் செய்த லக், பசை உருகி ஒட்டும் வகை ஸ்லீவ், இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். எர்த் லக் வைக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே பெயின்ட் அடியுங்கள்.

டெல்டாவில் இன்னொரு எதிரி எலி. அறுப்பு முடிந்து வயலில் இரை குறைந்ததும் வண்டிக்குள் குடிவரும். சேசிஸ் மேல் ஓடும் ஒயரை மடிப்புக் குழாய்க்குள் விட்டு, கிளிப் போட்டு இறுக்கமாகப் பிடித்துவையுங்கள். தொங்குகிற ஒயரைத்தான் முதலில் கடிக்கும்.

அப்படியே ஆக்சிலின் மூச்சுக் குழாயைப் பாருங்கள். சூடான ஹவுசிங் வாய்க்கால் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து உள்ளே இழுக்கும். மூச்சுக் குழாய் தாழ்வாக இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடிக்கும். ஆயில் பால் நிறமானால் அதுதான் காரணம். குழாயை நீட்டி பாடி உயரத்துக்குக் கொண்டுபோங்கள்.

வெண்ணாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்தது, விவரம் தருகிறேன்.

காயில் அளந்ததில் 3 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. 1.5 சதுர மில்லி ஒயர். இரண்டு ரிலேயும் பேட்டரி பக்கம் மேட்டில், வாய் கீழே பார்த்தபடி. டிரான்ஸ்ஃபர் லீவரின் அடியில் சின்னத் தகடு வளைத்து மைக்ரோ சுவிட்ச் வைத்தேன், 4 லோவில் லீவர் வந்து அமுக்குகிறது. மூடிய வகையாகப் பார்த்து வாங்கினேன், அங்கே செருப்புச் சேறு எல்லாம் விழும். ரீட் விளக்கும் ஐயா சொன்னபடியே.

ஜாக்கி போட்டு இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபர் லீவர் 4 லோ, கியர் நியூட்ரல், என்ஜின் ஓடவில்லை. லாக் இல்லாமல் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றியது. ஆனை அமுக்கியதும் விளக்கு எரிந்தது, ஆனால் முதலில் அப்போதும் எதிர்த்திசைதான். கொஞ்சம் திருப்பியதும் 'டக்' என்று சத்தம், பிறகு இரண்டும் சேர்ந்து இறுகிக்கொண்டன, 4 லோவில் முன் சக்கரம் தரையில் நிற்பதால் எந்தப் பக்கமும் சுற்றவில்லை. இது சரிதானா?

டெஸ்ட்லேம்ப்

சரிதான். பின்னும் ஓட்டையும் நேருக்கு நேர் வரும்வரை சேராது, சக்கரம் கொஞ்சம் நகரவேண்டும். களத்தில் இறங்குவதற்கு முன் ஆனை அமுக்கி, வண்டியை ஒரு முழம் மெதுவாக நகர்த்திவிட்டு இறங்குங்கள். சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அமுக்காதீர்கள், பல் மொட்டையாகும். விடும்போதும் சில சமயம் முறுக்கு இருந்தால் விளக்கு அணைந்த பிறகும் பிடித்தபடி இருக்கும். இப்படி அப்படி லேசாகத் திருப்பினால் விட்டுவிடும்.

ஏபிஎஸ் உள்ள வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்துப் போடுவதாக இருந்தால், டொயோட்டா மாதிரி ஏபிஎஸ்ஸை நிறுத்தி வைக்கிற வேலையை இந்த ஒயரிங் செய்யாது. பூட்டியபடி வேகம் எடுக்காதீர்கள்.

கோடிக்கரை_கும்மாளம்

என் குமிழ் ஒயரில் அளந்து பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். அந்த பஸ்ஸரை ரீட் விளக்கோடு சேர்த்துக் கொடுக்கலாமா, இல்லை ரிலேயின் 87-லிருந்து தனியாக எடுக்கவேண்டுமா?

ஓம்_விதி

ரீட்டோடு சேர்க்கலாம், சின்ன பீசோ பஸ்ஸர் என்றால் அதன் கரண்டை ரீட் தாங்கும். வண்டி ஹார்ன் மாதிரி எதையும் அதில் மாட்டாதீர்கள், தகடு ஒட்டிக்கொள்ளும்.